அடியாத மாடும் படியும்

ஜீவாமிர்தம் தயாரிப்பது எப்படி என்று நம் ஆட்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். பஞ்சகவ்யா என்றால் கொடுமுடி டாக்டர் நடராஜன் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். நல்லது. ஆனால் அந்தச் சாணத்தைப் போடுகிற மாட்டை அவிழ்த்து, ஐம்பது அடி தள்ளியிருக்கிற வேப்பமரத்தடியில் கொண்டுபோய்க் கட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். மீதிப் பேர் ஆள் வைத்திருக்கிறார்கள்.

நான் இருப்பது அண்ணனூரில். திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கிற ஊர். வயலும் மேய்ச்சலும் இருந்த இடமெல்லாம் மனையாகி வீடாகிவிட்டது. அப்படியும் சில வீடுகளில் மாடு விடாமல் இருக்கிறோம். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்திலிருந்து, திருவள்ளூர் தாண்டி நிலம் எடுத்து இயற்கை விவசாயம் தொடங்கியிருக்கிற தம்பிகள் அடிக்கடி என்னைத் தேடி வருவார்கள். பூச்சிவிரட்டி பற்றிக் கேட்பார்கள் என்று நினைப்பேன். அவர்கள் கேட்பது இதைத்தான்: “அண்ணா, மாடு இழுக்குதுண்ணா. கயித்த அவுத்தா போதும், நம்மள இழுத்துக்கினு ஓடுது. குறுக்க நின்னா இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடுது.”

இது எனக்குப் பெரிய கவலை இல்லை. அடுத்து ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதுதான் கவலை. “பேசாம வித்துடலாம்னு இருக்கேன்.”

2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு வாங்குகிற ஆசை நகரத்துப் பிள்ளைகளுக்கும் வந்தது. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் என்று பெயர் தெரிந்து வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பால் குறைவு, பிடித்தால் நிற்காது, முட்டும் என்று பெயர் வாங்கிய மாடு திரும்பவும் சந்தைக்குப் போனால் அதை யார் வாங்குவார்கள்? வளர்க்கிறவர் வாங்கமாட்டார். மீதி இருப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு, கயிறு பிடிக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக மாட்டை லாரி ஏற்றி அனுப்புவது என்ன நியாயம்?

இந்த இடத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் வந்துவிடுவார். “அடியாத மாடு படியாது தம்பி, ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்பார். இந்தப் பழமொழியை நான் ஒத்துக்கொள்வதில்லை. பழமொழிதான் சாட்சி என்றால் நம்மிடம் வேறு பழமொழியும் இருக்கிறது. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற, ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற என்றும் நம் ஆட்கள்தான் சொன்னார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்றும் சொன்னார்கள். மாட்டோடு வாழ்ந்தவன் சொன்னது இந்த இரண்டும். அடியாத மாடு என்பதை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கிறவர்கள்தான் அதிகமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாடு ஏன் இழுக்கிறது என்று முதலில் பார்ப்போம். உங்கள் கையை ஒருவர் சட்டென்று பிடித்து இழுத்தால் என்ன செய்வீர்கள்? யோசிக்கும் முன்பே எதிர்ப்பக்கம் இழுப்பீர்கள். மாடும் அப்படித்தான். கயிறு இறுகியே இருந்தால் அது அந்த இறுக்கத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். சாய்ந்தால் ஜெயிக்கப்போவது யார்? முந்நூறு கிலோ உடம்பா, எழுபது கிலோ உடம்பா? ஒரு தடவை இழுத்து ஜெயித்துவிட்டால், இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம் என்று அது படித்துக்கொள்கிறது. தினமும் காலையில் கயிற்றை இறுக்கிப் பிடித்து, அது இழுக்க இழுக்கப் பின்னால் ஓடி, புல் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் விடுகிறோமே, அதுவும் பயிற்சிதான். இழுக்கிறதுக்கு நாம் கொடுக்கிற பயிற்சி.

அதனால் மாட்டுக்குப் பாடம் சொல்வது கயிற்றின் இறுக்கம் இல்லை, தளர்வு. லேசாக இறுக்குங்கள். அது ஒரு காலை உங்கள் பக்கம் எடுத்து வைத்த அந்த நொடியிலேயே தளர்த்துங்கள். ‘கால் எடுத்து வைத்தால் இறுக்கம் போகும்’ என்று அதற்குப் புரிய வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்துத் தளர்த்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று தெரியாது. நேரத்துக்குத் தளர்த்துவதுதான் மொத்த வித்தையும். இதற்குப் பலம் வேண்டாம், கவனம் வேண்டும். பெண்கள் பிடித்தால் மாடு சாதுவாக வருகிறது, ஆண்கள் பிடித்தால் துள்ளுகிறது என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இழுத்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர்கள் இழுப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நாம் நிற்கிற இடம். மாட்டுக்கு முன்னால் போய், அதன் மூஞ்சியைப் பார்த்து நின்றுகொண்டு ‘வா வா’ என்று இழுப்பவர்கள்தான் அதிகம். மாட்டின் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும்தான் தெரியாது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் மாடுகளை நடத்திக்கொண்டு போவது பற்றியே காலம் முழுக்க ஆராய்ந்தவர். அவர் சொல்வது, மாட்டின் தோள்தான் தராசு முள். தோளுக்கு முன்னால் ஆள் நின்றால் மாடு நிற்கும், பின்வாங்கும். தோளுக்குப் பின்னால் ஆள் வந்தால் முன்னால் போகும். நம்ம ஊர் வண்டிக்காரர் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்ததும் இதைத்தான். முன்னால் நின்று இழுக்கிறவர் கயிற்றால் ‘வா’ என்கிறார், உடம்பால் ‘நில்லு’ என்கிறார். மாடு எதைக் கேட்கும்? கழுத்துக்கும் தோளுக்கும் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நின்று, கூடவே நடக்க வேண்டும்.

இழுத்துக்கொண்டு முந்துகிற மாட்டை நேராகப் பின்னால் இழுத்து நிறுத்தவே முடியாது. தலையைப் பக்கவாட்டில் உங்கள் பக்கம் திருப்புங்கள். தலை திரும்பினால் உடம்பு வட்டமாகச் சுற்றியே ஆக வேண்டும். சுற்றும்போது வேகம் போய்விடும். நின்றதும் தளர்த்துங்கள். ஒரு மூச்சு விட்டுக்கொள்ளட்டும். மறுபடி நடங்கள். மறுபடி முந்தினால் மறுபடி சுற்று. முதல் நாள் ஐம்பது அடி போக அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். அவசரமாகப் போக வேண்டிய நாளில் இந்தப் பாடத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பசியோடு இருக்கும்போதும் வேண்டாம், கன்று கத்துகிற நேரத்திலும் வேண்டாம். கறந்து முடித்து, கன்று குடித்து, அரை வயிறு தீனி தின்ற பிறகு பத்து நிமிஷம் போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது, இடுப்பில் கட்டிக்கொள்வது, விரலில் முடிச்சுப் போடுவது எதுவுமே கூடாது. மாடு மிரண்டு ஓடினால் கயிறு கையை விட்டுப் போக வேண்டும். விரல் போன ஆட்கள் கிராமத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். நைலான் கயிறு மலிவுதான், ஆனால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். பருத்திக் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ எட்டுப் பத்து அடி நீளம் இருந்தால் போதும். மிச்சக் கயிற்றை மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தரையில் இழுபட்டால் உங்கள் காலிலேயே சுற்றும்.

சில நேரம் மாடு இழுக்காது, நட்டு வைத்த கல் மாதிரி நின்றுவிடும். திமிர் என்று நினைத்துச் சாட்டையை எடுப்பார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கலாம். கீழே பார்த்தால் சாக்கடை மூடி இருக்கும், இல்லையென்றால் தேங்கிய தண்ணீர், வெயிலில் விழுந்த கம்ப நிழல், காற்றில் ஆடுகிற பிளாஸ்டிக் பை. பள்ளமா மேடா என்று மாட்டுக்குச் சட்டென்று தெரியாது. தலையைக் குனிந்து மோந்து பார்த்தால்தான் தெரியும். நாம் கயிற்றை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படிக் குனியும்? தளர்த்தி விட்டால் மோந்து பார்த்துவிட்டு, தானாகவே தாண்டி வரும். ரயில் ஹாரனுக்கு மிரளுகிற மாட்டை எங்கள் ஊரில் ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போகவே மாட்டோம். தூரத்திலேயே கட்டிவைத்து, சத்தம் பழகிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க விடுவோம்.

மூக்கணாங்கயிறு பற்றி நம் இயக்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. வேண்டவே வேண்டாம், கொடுமை என்பது ஒன்று. அது இல்லாமல் மாட்டைப் பிடிக்கவே முடியாது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுமே உடன்பாடில்லை. உழவுக்கும் வண்டிக்கும் போகிற எருதுக்கும், பெரிய கொம்புள்ள காளைக்கும் அது தேவை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், முறைப்படி குத்துவதை வதை என்று சொல்லவில்லை. ஆனால் மூக்கணாங்கயிறு பிரேக் மாதிரி. பிரேக்கை அழுத்திக்கொண்டே யாராவது வண்டி ஓட்டுவார்களா? நாசித் துவாரங்களுக்கு நடுவில், எலும்பு போன்ற கெட்டிக்கு முன்னால் இருக்கிற மெல்லிய சதையில்தான் அது போகிறது. அதில் பிடிகயிற்றைக் கட்டி நாள் முழுக்க இழுத்தால் புண்ணாகும், மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். அதைவிட மோசம், மரத்துப்போகும். மரத்துப்போன மூக்கோடு இழுக்கப் பழகிய மாட்டை அதற்கப்புறம் எதை வைத்துப் பிடிப்பீர்கள்?

அதனால் என் கட்சி இதுதான்: மூக்கு குத்துவதற்கு முன்பே மாடு நடக்கப் பழகியிருக்க வேண்டும். கன்று இரண்டு மூன்று மாசமாக இருக்கும்போதே மூக்குத் தண்டுக்கு மேலே ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு சுற்று என்று முகத்தில் கயிறு போட்டுப் பழக்கலாம். அப்போது அதன் எடை நமக்குள் அடங்கும். பல் போடுகிற வயதில், சுமார் இரண்டு வருஷம் ஆனபின், தெரிந்த கையால் மூக்கு குத்தும்போது அதற்கு நடை, நில், திரும்பு எல்லாம் தெரிந்திருக்கும். கயிறு வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தொங்குகிற மூக்கணாங்கயிறுதான் நல்ல வளர்ப்புக்கு அடையாளம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, ஊத்துக்கோட்டை பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து, மேற்கேயிருந்து ஒரு காங்கேயம் பசுவை வரவழைத்தார். இரண்டு பல் போட்ட கிடாரி, கன்று ஈனப்போகிற சமயம். லாரியில் இவ்வளவு தூரம் வந்து இறங்கியதே பெரிய மிரட்சி. அவர் அவிழ்க்கும்போதெல்லாம் இடித்துத் தள்ளியது. நான் போய்ப் பார்த்தபோது மாட்டைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார். கயிற்றைக் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் அளவில் இறுக்கிப் பிடித்து, தலையை அசையவே விடவில்லை. “தம்பி, அதுக்கு மூச்சு விட இடம் குடு” என்று சொல்லிக் கயிற்றை மூன்று அடி விடச் சொன்னேன். விட்டதும் மாடு செய்த முதல் வேலை, தலையைக் கீழே தொங்கவிட்டுத் தரையை மோந்தது. வந்து இறங்கிய நாளிலிருந்து அது அந்த மண்ணை மோந்து பார்க்கவே வாய்ப்பு கிடைத்திருக்கவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் மாட்டின் நெற்றியை, கொம்புக்கு நடுவில் சொறிந்து கொடுப்பார். செல்லமாம். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தலையை வைத்துத் தள்ளுவதுதான் மாடுகள் ஒன்றையொன்று பலம் பார்க்கும் விளையாட்டு. நெற்றியை அழுத்திச் சொறிவது ‘வா, முட்டிப் பாக்கலாம்’ என்று கூப்பிடுவது போல. காளைக் கன்றுக்கு இதைப் பழக்கினால் மூன்று வருஷம் கழித்து அதே விளையாட்டை முழு எடையோடு விளையாட வரும். தாடையடியில், கழுத்தில் தொங்குகிற அலைதாடியில் சொறியுங்கள். கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். கையால் வெல்லம், வாழைப்பழம் ஊட்டுவதும் இப்படித்தான். உங்கள் சட்டைப் பையை மோந்து இடிக்கிற மாட்டை நீங்களேதான் உருவாக்குகிறீர்கள். தொட்டியில் போடுங்கள்.

இடித்து உரசி வருகிற மாட்டுக்குக் கையில் ஒரு குச்சி வைத்துக்கொள்ளலாம். அடிக்க இல்லை. அதன் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே நீட்டினால் வேலி மாதிரி. நம் முழங்கையை வெளியே நீட்டி வைத்திருந்தால் தோளால் சாயும்போது அதுவே முழங்கையில் இடித்துக்கொண்டு விலகும். ஆணி வைத்த தார்க்குச்சியை மட்டும் தொடாதீர்கள். 1965ஆம் ஆண்டு இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளில் முள் வைத்த குச்சி, முள் வைத்த நுகத்தடி எல்லாமே தடை. அதே விதிகள் 37 டிகிரிக்கு மேல் வெயில் போகிற இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வேலை வாங்கக்கூடாது என்றும் சொல்கின்றன. நம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசி முழுக்க அப்படித்தானே.

மட்டக்குதிரை வைத்திருக்கிற நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். எருவுக்கும் சின்னச் சுமைக்கும் என்று ஒன்றிரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். குள்ளமாக இருப்பதால் சும்மா இழுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். அதுவோ தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் கெட்டியாக்கிக்கொண்டால் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காது. அதற்கும் இதே தளர்வுதான், இதே சுற்றுதான். இடப்பக்கம் தோளருகில் நின்று பிடியுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மாடு பக்கவாட்டில் வளைத்து உதைக்கும், குதிரை நேர் பின்னால் உதைக்கும், கடிக்கவும் செய்யும். பொதி ஏற்றுகிறவர்களுக்கு, மேலே சொன்ன விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் கணக்கு. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்கள் மாடானாலும் குதிரையானாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். “கொஞ்சம் நடத்திக் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். அப்புறம் கயிற்றை நீங்கள் வாங்கி நடத்திப் பாருங்கள். விற்கிறவர் கையில் நடந்து, உங்கள் கையில் நடக்காவிட்டால் விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கொம்பு வைத்த, ஏற்கனவே ஆளைக் குத்திப் பழகிய பெரிய காளையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பழக்கப் போகாதீர்கள். அதற்கு அனுபவப்பட்ட ஆள் கூட இருக்க வேண்டும். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள், வண்டி எருது பழக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. புது எருதைப் பழைய எருதோடு ஜோடி கட்டி, பழையதே புதியதுக்குச் சொல்லிக் கொடுக்க விடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். நம் பயிற்சி முகாம்களில் அவர்களை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். கயிறு கொடுப்பதில்லை.

நம் இயக்கத் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். மூன்று நாள் முகாம் என்றால் அதில் அரை நாளைக் கயிற்றுக்கு ஒதுக்குங்கள். ஒரு கன்று, ஒரு பசு, பருத்திக் கயிறு நாலு, பழக்கத் தெரிந்த பெரியவர் ஒருத்தர் போதும். மைக் வேண்டாம், சத்தம் கேட்டால் கன்று மிரளும். வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து ஐம்பது அடி நடந்து திரும்பி வரட்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் வைப்பதாக இருந்தால் கன்றுக்கு நான் பொறுப்பு. எங்கள் வீட்டில் ஏழு மாசக் கிடாரி ஒன்று இருக்கிறது. கயிறு தொங்கிக்கொண்டே நடக்கும். பிளாஸ்டிக் பையைக் கண்டால் மட்டும் இன்னும் நின்றுவிடுகிறது.